சிபாரிசுக்குக் கூலி: முகநூல் விளம்பரங்களும் தரகு வணிகமும்

2025 நவம்பர் தொடக்கத்தில் ரொய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் நீண்ட புலனாய்வுக் கட்டுரை ஒன்றை வெளியிட்டது. முகநூல், இன்ஸ்டகிராம், வாட்ஸப் மூன்றுக்கும் உரிமையாளரான மெட்டாவின் உள் ஆவணங்களை வைத்து எழுதப்பட்டது அது. 2024ஆம் ஆண்டு வருமானத்தில் ஏறத்தாழ 10 சதவீதம், அதாவது சுமார் 1600 கோடி அமெரிக்க டொலர், மோசடி விளம்பரங்களிலிருந்தும் தடைசெய்யப்பட்ட பொருட்களின் விளம்பரங்களிலிருந்தும் வரும் என்று அந்த நிறுவனமே உள்ளுக்குள் மதிப்பிட்டிருந்தது என்பதுதான் செய்தி. அந்த மதிப்பீடு தோராயமானது, சேர்க்கக் கூடாதவற்றையும் சேர்த்துக்கொண்டது என்று மெட்டா மறுத்தது. 2025இல் மட்டும் 13 கோடியே 40 லட்சத்துக்கு மேற்பட்ட மோசடி விளம்பரங்களை நீக்கிவிட்டதாகவும் கூறியது.

இந்தச் செய்தியைப் பற்றிப் பேசியவர்கள் அநேகமாக எல்லோரும் மெட்டாவைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான். எனக்கு எழுந்த கேள்வி வேறு. அந்த விளம்பரங்களைக் காசு கொடுத்துப் போடுகிறவர் யார்? எங்கோ ஓர் இருட்டறையில் உட்கார்ந்திருக்கும் திருடன் என்றே நாம் கற்பனை செய்துகொள்கிறோம். சில வேளைகளில் அது உண்மை. ஆனால் கணிசமான விளம்பரங்களுக்குப் பின்னால் இருப்பவர் திருடரும் அல்ல, பொருளைச் செய்தவரும் அல்ல. அவர் ஒரு தரகர். அவரிடம் சரக்கு இல்லை, கிடங்கு இல்லை, கடையும் இல்லை. யாரோ செய்த பொருளுக்குத் தன் பணத்தில் விளம்பரம் போட்டு, விற்றால் கிடைக்கும் பங்கில் பிழைக்கிறார். அஃபிலியேட் மார்க்கெட்டிங் என்று அழைக்கப்படும் இந்தத் தொழிலைத் தரகு வணிகம் என்றே இக்கட்டுரையில் குறிப்பிடுகிறேன்.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் அக்கறை இருக்க ஒரு காரணம் உண்டு. இணையத்தில் இந்த வணிகம் பெரிதாக வளர்ந்தது புத்தகங்களின் வழியாகத்தான். வில்லியம் டோபின் என்ற அமெரிக்கப் பூ வியாபாரி 1989இலேயே பிராடிஜி வலையமைப்பில் கடை வைத்து, விற்பனையில் பங்கு தரும் முறையைக் கையாண்டவர். ஆனால் அதைப் பரவலாக்கியது அமேசன். 1996 ஜூலையில், தன் தளத்துக்கு இணைப்புக் கொடுத்துப் புத்தகம் விற்க உதவுகிற எவருக்கும் தரகு தருவதாக அது அறிவித்தது. அப்போது அமேசன் வெறும் புத்தகக் கடை. மீன் வளர்ப்பவர் தன் பக்கத்தில் மீன் வளர்ப்பு நூலுக்கும், கவிதைப் பிரியர் கவிதைத் தொகுப்புக்கும் இணைப்புக் கொடுத்தார்கள். படித்தவர் படிக்காதவருக்குச் சிபாரிசு செய்தார், அதற்குச் சில காசுகள் கிடைத்தன. இதில் யாருக்கும் நட்டமில்லை. சிபாரிசு பொய்யென்றால் அந்தப் பக்கத்துக்கு வாசகர் திரும்ப வரமாட்டார். அந்த அச்சமே ஒரு காவலாக இருந்தது.

இன்றும் இந்த வணிகத்தில் நேர்மையான பகுதி இருக்கிறது. பொருட்களைச் சோதித்துப் பார்த்துப் பரிந்துரைக்கும் வயர்கட்டர் என்ற தளத்தை நியூயோர்க் டைம்ஸ் 2016இல் விலைக்கு வாங்கியது. அந்தத் தளமும் தரகின் மூலம் வருமானம் பெறுகிறது. தரகு வாங்குவதை வாசகருக்கு வெளிப்படையாகச் சொல்கிறார்கள்.

பிறகு எங்கே தடம் மாறியது? சிபாரிசு செய்பவர் தனக்கென்று வாசகர்களைச் சேர்க்க வேண்டிய அவசியம் ஒழிந்தபோது என்பது என் கருத்து. முகநூல் வந்த பிறகு வாசகர்களை விலைக்கு வாங்கலாம் என்றாயிற்று. ஒரு சொடுக்குக்கு இவ்வளவு என்று பணம் கட்டினால் போதும். முகம் தெரியாத ஆயிரம் பேர் முன்னால் போய் நிற்கலாம். நாளைக்கு அவர்கள் திரும்பி வராவிட்டாலும் கவலை இல்லை, வேறு ஆயிரம் பேரை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதலில் புத்தகம். அண்மை ஆண்டுகளில் அமேசன் அமெரிக்காவில் அச்சுப் புத்தகத்துக்குத் தரும் தரகு 4.5 சதவீதம். 20 டொலர் புத்தகம் விற்றால் 90 சதம். ஒரு சொடுக்குக்கு 1 டொலர் செலவாகிறது என்று வைத்துக்கொண்டால், சொடுக்கிய ஒவ்வொருவரும் புத்தகம் வாங்கினாலும் ஆளுக்கு 10 சதம் நட்டம். ஆகவே காசு கொடுத்து விளம்பரம் போடும் தரகர் புத்தகத்தின் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டார். தரகு கொழுத்திருக்கும் பொருட்களுக்கே போவார்: எடை குறைக்கும் மாத்திரை, முகச்சுருக்கம் போக்கும் களிம்பு, பணம் பண்ணும் வித்தையைக் கற்றுத்தரும் இணைய வகுப்பு, நாணயச் சூதாட்டம்.

அடுத்தது உதாரணத்துக்கு நானே எடுத்துக்கொள்ளும் எண்கள். 50 டொலர் மாத்திரை, 40 சதவீதத் தரகு. ஒரு விற்பனைக்கு 20 டொலர். நூறு சொடுக்குக்கு 100 டொலர் செலவு. "இது சத்து மாத்திரை, சிலருக்குப் பயன்படலாம்" என்று உள்ளதை எழுதினால் நூறில் இரண்டு பேர் வாங்குகிறார்கள் என்று கொள்வோம். வரவு 40, நட்டம் 60. "மருத்துவர்கள் மறைத்து வைத்த ரகசியம்" என்று எழுதினால் ஏழு பேர் வாங்குகிறார்கள். வரவு 140, லாபம் 40. உண்மை எழுதியவர் ஒரு மாதத்தில் கடையைக் கட்டுவார். பொய் எழுதியவர் அந்த லாபத்தை மறுபடி விளம்பரத்தில் போடுவார்.

இது இத்துடன் முடிவதில்லை. முகநூலின் விளம்பர இடம் ஏலத்தில் விற்கப்படுகிறது. பொய் எழுதியவரால் ஒரு சொடுக்குக்கு 1 டொலர் 40 சதம் வரை கொடுக்க முடியும். உண்மை எழுதியவருக்கு 40 சதத்துக்கு மேல் கட்டாது. ஏலத்தில் வெறும் பணத்தை மட்டும் பார்ப்பதில்லை, சொடுக்கும் வாய்ப்பு எந்த விளம்பரத்துக்கு அதிகம் என்பதையும் சேர்த்தே பார்க்கிறார்கள். அதிலும் பரபரப்புக்கே முதலிடம். ஆகவே தரகரின் தனிப்பட்ட ஒழுக்கம் இங்கே இரண்டாம் பட்சம். ஒழுக்கமானவர்களை வெளியே தள்ளும்படியாகவே இந்தச் சந்தை அமைந்திருக்கிறது.

இதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஒளித்ததுமில்லை. பேர்லினில் நடந்த தரகர்கள் மாநாடு ஒன்றுக்குப் போய்வந்த ஸீக் ஃபோக்ஸ் என்ற பத்திரிகையாளர் 2018இல் ப்ளூம்பேர்க் பிஸ்னஸ்வீக்கில் எழுதினார். முன்பெல்லாம் எந்தப் பொருளுக்கு யார் ஏமாறுவார் என்று தரகர் மூளையைக் கசக்க வேண்டியிருந்தது. இப்போது முகநூலின் கணிமையே அந்த ஆட்களைத் தேடிப்பிடித்துத் தந்துவிடுகிறது என்று தரகர்கள் அவரிடம் சொன்னார்கள். ரொய்ட்டர்ஸ் வெளியிட்ட ஆவணங்களும் இதையே வேறு விதமாகச் சொல்கின்றன. மோசடி விளம்பரம் ஒன்றைச் சொடுக்கியவருக்கு அதேபோன்ற விளம்பரங்கள் மேலும் அதிகம் காட்டப்பட வாய்ப்புண்டு. ஒருமுறை ஏமாந்தவர் வீட்டைத் தேடி அடுத்தவனும் வருவான் என்பது நம் ஊர்களில் பழகிய அனுபவம். இங்கே வழிகாட்டிக் கூட்டிவருவது இயந்திரம்.

நம் மாட்டுச் சந்தைகளில் தரகர்கள் துண்டைப் போட்டு மூடி, விரல்களைத் தொட்டு விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவருக்கு விலை தெரியாது. முகநூல் தரகிலும் ஒரு துண்டு உண்டு. விளம்பரத்தைச் சோதிக்கும் முகநூல் ஊழியருக்கோ இயந்திரத்துக்கோ ஒரு சாதுவான பக்கத்தைக் காட்டுவார்கள். சாதாரண ஆள் சொடுக்கினால் மாத்திரை விற்கும் போலிச் செய்திப் பக்கம் திறக்கும். இதைச் செய்து தரும் மென்பொருளைக் காசுக்கு விற்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மீது 2020 ஏப்ரலில் முகநூலே வழக்குப் போட்டது. ஆனால் இரண்டு துண்டுகளுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். மாட்டுத் தரகர் அடுத்த வாரமும் அதே சந்தைக்கு வந்தாக வேண்டும். நொண்டி மாட்டைத் தலையில் கட்டினால் ஊர் அவரை விடாது. முகநூல் தரகருக்கு வேண்டியது இன்னொரு பெயரில் இன்னொரு கணக்கு மட்டுமே.

நான் வாழும் கனடாவில் இதில் ஒரு கசப்பான வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் சட்டத்துக்கு எதிர்ப்பாக, 2023 ஓகஸ்டில் மெட்டா கனடியச் செய்திகளை முகநூலிலிருந்து நீக்கத் தொடங்கியது. உண்மையான சிபிசி செய்தியைப் பகிர முடியாமற் போயிற்று. 2025 பொதுத் தேர்தல் காலத்திலோ, சிபிசி பக்கம்போலத் தோற்றம் காட்டி, அரசியல்வாதிகளின் முகங்களை ஒட்டி, முதலீட்டு ஆசை காட்டும் விளம்பரங்கள் காசு கொடுத்து உள்ளே வந்தன. ஸ்காபரோவில் எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் அப்படி ஒன்றைக் கைபேசியில் காட்டி, "தம்பி, பிரதமரே சொல்லுறார், இது பொய்யா இருக்குமோ?" என்று கேட்டார். அவர் படிக்காதவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். அவர் நம்பியது விளம்பரத்தை அல்ல, சிபிசியை. வாழ்நாள் முழுக்கப் பத்திரிகை படித்துப் பழகியவர்களின் அந்த நம்பிக்கையைத்தான் இந்தத் தரகர்கள் முதலாக்குகிறார்கள்.

இன்னொரு பக்கத்தில் நம் இளைஞர்கள். "அண்ணை, சரக்கு வாங்கத் தேவையில்லை, நித்திரை கொள்ளேக்கையும் காசு வரும்" என்று ஒருவர் என்னிடம் விளக்கினார். இந்தத் தொழிலைக் கற்றுத்தரும் வகுப்புக்குக் கடன் அட்டையில் பணம் கட்டியிருந்தார். அந்த வகுப்பையே பிறருக்கு விற்றால் அதற்கும் தரகு உண்டாம். மேலே போட்ட கணக்கை அவருக்கும் போட்டுக் காட்டினேன். விளம்பரச் செலவு அவர் பையிலிருந்து முதலில் போகிறது. வரவு வந்தால் உண்டு. பொருளின் உரிமையாளர் விற்றால் மட்டும் தரகு கொடுக்கிறார், முகநூல் விற்றாலும் விற்காவிட்டாலும் சொடுக்குக்குப் பணம் வாங்குகிறது. மூவரில் ஆபத்தைச் சுமப்பவர் அவர் ஒருவரே.

சட்டம் என்ன செய்கிறது? 1996 பெப்ரவரியில், அமேசனின் திட்டத்துக்கு ஐந்து மாதம் முன்பு, அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பிறர் எழுதியதற்கு இணையத்தளம் பொறுப்பல்ல என்று அதன் 230ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் குடையின் கீழ்த்தான் எல்லோரும் நிற்கப் பார்க்கிறார்கள். பொருள்காரர் தரகரைக் காட்டுகிறார், தரகர் வலையமைப்பைக் காட்டுகிறார், வலையமைப்பு முகநூலைக் காட்டுகிறது. ஆனால் குடையில் ஓட்டைகள் விழத் தொடங்கிவிட்டன. போலிச் செய்திப் பக்கங்கள் வழியாக எடைகுறைப்பு மாத்திரை விற்ற தரகர்களை மேய்த்த லீட்கிளிக் என்ற வலையமைப்பு, தானும் அந்த ஏமாற்றில் பங்கெடுத்தது, அதற்கு 230ஆம் பிரிவு கைகொடுக்காது என்று 2016இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூனில் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றம், மோசடி விளம்பரங்களைத் தடுப்பதாகச் சொன்ன வாக்கை மெட்டா மீறியது என்ற வழக்கு நடக்கலாம் என்றது.

பிரித்தானியாவில் மார்ட்டின் லூயிஸ் என்ற நிதிப் பத்திரிகையாளர், தன் முகத்தைப் போட்டு வந்த மோசடி விளம்பரங்களுக்காக 2018இல் முகநூல் மீது வழக்குப் போட்டார். அடுத்த ஆண்டு சமரசத்தின்படி முகநூல் 30 லட்சம் பவுண் பெறுமதியான உதவியை ஒரு நுகர்வோர் அமைப்புக்கு வழங்க ஒப்புக்கொண்டது. சிங்கப்பூர்க் காவல்துறை 2025 செப்டெம்பரில், அரசுப் பொறுப்பில் இருப்பவர்களின் முகத்தைப் போலியாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும்படி மெட்டாவுக்கு உத்தரவிட்டது. தவறினால் 10 லட்சம் சிங்கப்பூர் டொலர் வரை அபராதம்.

ஆனால் அபராதத்தின் அளவையும் பார்க்க வேண்டும். ரொய்ட்டர்ஸ் கண்ட ஆவணங்களின்படி, சட்டச் சிக்கல் அதிகம் வரக்கூடிய மோசடி விளம்பரங்களிலிருந்து மட்டும் ஆறு மாதத்துக்கு 350 கோடி டொலர் வருகிறது. அபராதமாகக் கட்ட நேரிடும் என்று நிறுவனம் எதிர்பார்த்ததோ 100 கோடி டொலர் வரை. ஒரு விளம்பரதாரர் மோசடிக்காரர் என்பது 95 சதவீதம் உறுதியானால்தான் தடை. அதற்குக் கீழே சந்தேகம் மட்டும் இருந்தால் அவரிடம் கூடுதல் கட்டணம் வாங்கப்பட்டது. அவர்களை விலகச் செய்யவே இந்த ஏற்பாடு என்பது விளக்கம். விலகாதவர் கட்டும் கூடுதல் பணம் யாருக்குப் போகிறது என்ற கேள்விக்கு அந்த விளக்கத்தில் இடமில்லை.

என் யோசனை எளிமையானது. விளம்பரம் போடுபவரின் அடையாளத்தைச் சரிபார்க்காமல் பணம் வாங்கக் கூடாது. மோசடி என்று தெரிந்த விளம்பரத்தில் வந்த வருமானம் ஏமாந்தவருக்குத் திரும்பிப் போக வேண்டும். அதைத் தளமே வைத்துக்கொள்ளும் வரை தடுப்பதற்கு அதற்கு ஆர்வம் பிறக்காது. தரகுச் சங்கிலியில் பங்கு வாங்கிய ஒவ்வொருவரும் பொறுப்பில் பங்கு ஏற்க வேண்டும். கல்யாணத் தரகருக்கும் வீட்டுத் தரகருக்கும் நம் சமூகம் எழுதாமலே வைத்திருந்த விதி இதுதான்.

சட்டம் வரும் வரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. முகநூல் பக்கங்கள் பலவற்றில் அவை தொடங்கப்பட்ட தேதியும், அவற்றை நிர்வகிப்பவர்கள் பெரும்பாலும் எந்த நாட்டில் இருக்கிறார்கள் என்ற விபரமும் கிடைக்கின்றன. கனடியச் செய்திப் பக்கம் என்று சொல்லிக்கொள்வது மூன்று வாரத்துக்கு முன் வேறொரு கண்டத்தில் பிறந்திருந்தால் அது அங்கே தெரிந்துவிடும். அந்தக் கணக்கு வாத்தியாருக்கு இதைக் காட்டிக் கொடுக்க ஐந்து நிமிடம் போதுமாயிருந்தது. இப்போது அவர் தன் வயதொத்த நண்பர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறார்.