முதலில் இருமலைக் கேளுங்கள்

சிட்லபாக்கத்தில் இப்போதைய பிள்ளைகளுக்கு சானடோரியம் என்றால் ரயில்வே ஸ்டேஷன், அவ்வளவுதான். 1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து இங்கே காசநோய்க்காக ஆரம்பித்த ஆஸ்பத்திரியால் வந்த பெயர் அது. அன்று காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940-களில். காற்றும் வெயிலும் ஓய்வும் நல்ல சாப்பாடும்தான் வைத்தியம்.

அப்பேர்ப்பட்ட ஊரில் இன்று எமர்ஜென்சி வார்டுகளைப் பாருங்கள். ஜன்னல் திறக்காது. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. இருக்கிற காற்றையே குளிர்வித்துச் சுற்றிவிடும். ஒருவர் இருமினால் அத்தனை பேருக்கும் அதுதான் மூச்சு.

போன மார்கழியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்த பக்கத்து வீட்டுக்காரரை ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அவருக்கு வயது 78. கவுண்டரில் முதலில் கேட்டது இன்ஷூரன்ஸ் கார்டு. அடுத்த நாற்காலியில் காய்ச்சலோடு ஒரு பையன், விடாமல் இருமல். அவனுக்கு ஒரு மாஸ்க் கொடுங்கள் என்றேன். "பார்மசியில வாங்கிக்கலாம் சார்" என்றார்கள். மூன்று மணி நேரம் அப்படியே. ஐந்தாம் நாள் பெரியவருக்கு இருமல், பிறகு நிமோனியா. கை எலும்புக்குப் போனவர் பத்து நாள் ஆக்சிஜனில் கிடந்தார். அங்கேதான் தொற்றியது என்று நான் சத்தியம் செய்யவில்லை. தொற்றாமல் இருக்க அங்கே யாரும் விரலைக்கூட அசைக்கவில்லை என்று சத்தியம் செய்வேன்.

2003-ல் டொராண்டோவில் சார்ஸ் நோயாளி ஒருவர், என்ன நோய் என்று தெரியாமலே, ஓர் இரவு எமர்ஜென்சியில் இருந்தார். இதயத் துடிப்பு சரியில்லை என்று வந்து அருகில் படுத்திருந்தவருக்குத் தொற்றி, அவர் இறந்தே போனார். 2015-ல் சியோலில் ஒரே மெர்ஸ் நோயாளி எமர்ஜென்சியில் மூன்று நாள் இருந்ததில் 80 பேருக்கு மேல் தொற்றியது. இத்தனைக்கும் இரண்டும் வசதிக்குக் குறைவில்லாத ஊர்கள்.

செலவாகும் என்று சொல்லாதீர்கள். வாசலில் கார் நிறுத்திக் கொடுக்க ஆள் போடுகிறீர்கள். "இருமல், காய்ச்சல் உண்டா?" என்று கேட்க ஒருவர் போதும். உண்டு என்றால் இலவசமாக ஒரு மாஸ்க், தள்ளி ஒரு நாற்காலி, முடிந்தால் வராந்தாவில். சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். நோயாளி கோபித்துக்கொள்வாராம்! பில்லைப் பார்த்து வராத கோபமா?

2023 ஏப்ரலில் அரசு ஆஸ்பத்திரிகளில் மாஸ்க் கட்டாயம் என்றார்கள். அந்தச் சூடு எத்தனை நாள் இருந்தது என்பது நமக்குத் தெரியும்.

அவர்கள் திருந்தும்வரை, நம் வயதுக்காரர்கள் ஆஸ்பத்திரி ஃபைலோடு இரண்டு மாஸ்க் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு, இன்னொன்று பக்கத்தில் இருமுகிறவருக்கு.