முள் ஏறாத வண்டி

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். ஓசூர் பக்கம் ரெண்டு ஏக்கர் வாங்கியிருக்கிறார். சனி, ஞாயிறு வந்து விவசாயம் பார்க்க ஒரு பழைய டீசல் பிக்கப்பும் வாங்கியாச்சு. "அருமையான வண்டிங்க. நாற்பது கிலோமீட்டர் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் அடியை விட்டு அசையவே இல்லை. அவ்வளவு கூலா ஓடுது" என்றார் பெருமையாக.

"முதல்ல மீட்டர் வேலை செய்யுதான்னு பாருங்க. மீட்டர் நல்லா இருந்தா, உங்க வண்டியில ஒரு சாமான் இல்லைன்னு அர்த்தம்" என்றேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

அந்தச் சாமானுக்குப் பேர் தெர்மோஸ்டாட் வால்வு. உள்ளங்கையில் அடங்கிவிடும். எங்க பக்கம் ஓடுகிற பழைய பிக்கப் பலவற்றில் அது இருக்காது; கழட்டிப் போட்டிருப்பார்கள். என் வண்டியிலும் மூணு வருஷம் இல்லை. அந்த மூணு வருஷத்தில் நான் கட்டின பாடத்துக்கான பீஸைத்தான் இன்னைக்குச் சொல்லப்போகிறேன்.

எனக்கு தாளவாடி மலையில் விவசாயம். முட்டைக்கோஸ், பீட்ரூட், கொஞ்சம் தக்காளி. விளைஞ்சதை மூட்டை கட்டி ஏத்தி, ஆசனூர் தாண்டி, திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, பண்ணாரி வழியா சத்தியமங்கலம் போகணும். சில நாள் அங்கிருந்து மேட்டுப்பாளையம் மார்க்கெட். திரும்பும்போது உரமூட்டை, தீவனம், அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்ட சாமான் என்று பாரத்தோடு அதே 27 வளைவும் ஏறணும்.

ஒரு இன்ஜினுக்கு இதைவிட எதிரும் புதிருமான ரெண்டு வேலை கொடுக்க முடியாது. விடிகாலைப் பனியில், ஆக்ஸிலேட்டரில் கால் வைக்காமல் கியரிலேயே இறங்கும்போது, உள்ளே எரிவதற்கு டீசலே போகாத மாதிரிதான். இன்ஜின் ஆறிக்கிட்டே போகும். மத்தியான வெயிலில் பாரத்தோடு ரெண்டாவது கியரில் ஏறும்போது காய்ஞ்சு தகிக்கும். இந்த ரெண்டுக்கும் நடுவில் இன்ஜினை ஒரே சூட்டில் வைக்கிறதுதான் வால்வோட வேலை.

நாலு வருஷத்துக்கு முந்தின சித்திரையில், ஏற்றத்தில் வண்டி ஹீட் ஆச்சு. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுட்டது. அந்தப் பாதையில் நினைச்ச இடத்தில் நிறுத்த முடியாது. பின்னாடி லாரிகள் நிற்கும். இருட்டினா பக்கத்தில் எது வந்து நிற்கும்னு சொல்ல முடியாது. புலிகள் காப்பகம் அது. எப்படியோ உருட்டி மேலே வந்து சேர்ந்து, மறுநாள் மெக்கானிக்கிடம் விட்டேன்.

மெக்கானிக் தம்பி நல்ல கைவேலைக்காரர். பத்து நிமிஷத்தில் ரெண்டு போல்ட்டைக் கழட்டி, வால்வை எடுத்து என் கையில் வச்சார். "இது குளிர் தேசத்துக்கு வைக்கிற சாமானுங்ணா. நம்ம வெயிலுக்கு எதுக்கு? தண்ணி தடையில்லாம ஓடட்டும் உடுங்க." காசுகூட வாங்கலை. முள் இறங்கிருச்சு. எனக்கும் சந்தோஷம். வால்வை சீட்டுக்கு அடியில் டூல்ஸ் பெட்டியில் போட்டு மறந்துட்டேன்.

மார்கழியில் வினை தெரிஞ்சது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வாசல் முழுக்க வெள்ளைப் புகை. லிட்டருக்குப் பன்னிரண்டு கொடுத்த வண்டி பத்துக்குக் கீழே வந்துட்டது. ஒருநாள் ஆயில் குச்சியை இழுத்துப் பார்த்தேன். குறைஞ்சிருக்க வேண்டிய ஆயில் கூடியிருக்கு! முகர்ந்து பார்த்தால் டீசல் வாடை. மாட்டுக்குப் பால் கூடினால் சந்தோஷப்படலாம்; இன்ஜினுக்கு ஆயில் கூடினால் வயிறு கலங்கணும்.

காரணம் ரொம்பச் சாதாரணம். டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தி, அந்தச் சூட்டில்தான் டீசல் பத்தும். சுத்தியிருக்கிற இரும்பு ஆறிக் கிடந்தால் டீசல் முழுசா எரியாது. எரியாததில் ஒரு பங்கு புகையாப் போகும். ஒரு பங்கு சிலிண்டர் சுவரில் வழிஞ்சு, பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கீழே ஆயிலில் கலக்கும். நீர்த்துப்போன ஆயிலால் லைனரையும் பேரிங்கையும் காப்பாத்த முடியாது. அடுப்பில் ஈர விறகு வச்ச மாதிரி: சோறும் வேகாது, வீடெல்லாம் கரி.

இதைவிடப் பெரிய வேடிக்கை, எந்தச் சூட்டுக்குப் பயந்து வால்வைக் கழட்டினோமோ அந்தச் சூடும் போகவில்லை. போன கோடையில் பாதி வளைவு ஏறினதும் மறுபடி கொதிச்சது. ரேடியேட்டர் மூடியிலிருந்து ஆவி சீறினபோது எனக்கு ஒண்ணுமே புரியலை. அதான் வால்வே இல்லையே, தண்ணிதான் தடையில்லாம ஓடுதே!

சத்தியமங்கலத்தில் பழைய லாரி இன்ஜின் வேலை பார்க்கிற பெரியவர் ஒருத்தர்தான் விளக்கினார். இன்ஜினுக்குள் தண்ணிக்கு ரெண்டு வழி உண்டு. ஒண்ணு ரேடியேட்டர் போய் ஆறி வருகிற நீண்ட வழி. இன்னொண்ணு ரேடியேட்டருக்குப் போகாமல் இன்ஜினுக்குள்ளேயே திரும்புகிற குறுக்கு வழி. என் வண்டி மாதிரி சில இன்ஜின்களில் வால்வுக்கு மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு இருக்கும். சூடானதும் மேல் தட்டு ரேடியேட்டர் வழியைத் திறக்கும். அதே நேரம் கீழ்த் தட்டு குறுக்கு வழியை அடைக்கும். வால்வைக் கழட்டிட்டா அடைக்க ஆள் இல்லை. சுடுதண்ணியில் ஒரு பங்கு ஆறாமலேயே சுத்திக்கிட்டிருக்கும். இறக்கத்தில் ஆறக் கூடாத நேரத்தில் ஆறியது, ஏற்றத்தில் ஆற வேண்டிய நேரத்தில் ஆறலை. ரெண்டு பக்கமும் அடி.

அவர் கேட்ட ஒரே கேள்வி என்னைக் குத்திருச்சு. "அன்னைக்கு எதனால ஹீட் ஆச்சுன்னு யாராச்சும் பார்த்தீங்களா?"

யாரும் பார்க்கலை. ரேடியேட்டரைக் கழட்டினால் உள்ளே குழாய்களில் வெள்ளைப் பொருக்கு. வருஷக்கணக்கா போர்வெல் உப்புத் தண்ணியை ஊத்தினது நான்தான். பேன் பெல்ட்டும் தொளதொளன்னு கிடந்தது. டூல்ஸ் பெட்டியிலிருந்த பழைய வால்வை எடுத்து, பழைய அலுமினியப் பாத்திரத்தில் தண்ணி ஊத்தி, நூலில் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு அடுப்பில் வச்சுப் பார்த்தோம். 82 டிகிரியில் மெல்லத் திறக்க ஆரம்பிச்சது. அதன் மேலே அடிச்சிருக்கிற எண்ணும் 82தான். வேலையைச் சரியா பார்த்தவனைத்தான் மூணு வருஷம் வீட்டை விட்டு வெளியே தள்ளி வச்சிருக்கேன். ஆனால் ஆறின பிறகு அது முழுசா மூடலை. பெட்டியில் கிடந்து துரு ஏறிப்போச்சு. புதுசு வாங்கித்தான் ஆகணும்.

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் மூணு வால்வு எடுத்து வச்சார்கள். 71, 82, 88. கடைக்காரர், "நம்ம ஊர் வெயிலுக்கு 71 போடுங்க, சீக்கிரம் திறக்கும்" என்றார். கேட்க நியாயமாத்தான் இருக்கு. நானும் கை நீட்டிட்டேன். பெரியவர் சொன்னது ஞாபகம் வந்து நிறுத்தினேன்.

அந்த எண், வால்வு திறக்க ஆரம்பிக்கிற சூடு. உள்ளே சின்னக் குப்பியில் மெழுகு இருக்கும். அது உருகி விரிஞ்சு தட்டைத் தள்ளும். முழுசாத் திறக்க இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறணும். பாரத்தோடு மலை ஏறும்போது 71 ஆனாலும் 82 ஆனாலும் ரெண்டுமே முழுசாத் திறந்துதான் இருக்கும். அதுக்கு மேல் குளிர வைக்கிறது ரேடியேட்டர், பேன், தண்ணி பம்பு. வால்வு எண்ணைக் குறைச்சா ரேடியேட்டர் பெருசாகிடாது. வித்தியாசம் தெரியுறது இறக்கத்திலும் குளிரிலும்தான்; 71 போட்டால் இன்ஜின் தேவைக்குக் குறைவான சூட்டிலேயே ஓடும். 88-ம் வேண்டாம். இன்ஜினைச் செஞ்சவன் எந்த எண்ணை வச்சானோ அதே எண்.

எண் மட்டும் பார்த்தால் பத்தாது. பழைய வால்வைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் வச்சுப் பார்க்கணும். விளிம்பின் அகலம் ஒண்ணா இருக்கணும். கீழ்த் தட்டு இருக்கா, அதன் உயரம் சரியா இருக்கான்னு பார்க்கணும். உயரம் குறைஞ்சால் குறுக்கு வழி அடைபடாது. வால்வு இருந்தும் இல்லாத மாதிரிதான். காற்று வெளியேற ஒரு சின்ன ஓட்டையும் அதில் ஆடுகிற குச்சியும் பழையதில் இருந்தால் புதியதிலும் இருக்கணும். படுக்கை வாட்டத்தில் மாட்டுகிற இன்ஜினில் அந்த ஓட்டை மேல் பக்கம் வரணும். புது கேஸ்கெட் போடணும். மாட்டுறதுக்கு முன்னாடி புதுசையும் பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வச்சுப் பார்த்துடணும். புதுசுன்னா நல்லதுன்னு எந்தச் சட்டமும் இல்லை. அந்தப் பாத்திரத்தை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகக் கூடாது. கூலண்ட் விஷம், இனிப்பா இருக்கும், நாயும் கன்னுக்குட்டியும் நக்கிடும். வடிச்ச கூலண்டையும் அப்படியே தரையில் விடாதீங்க.

மெக்கானிக் தம்பியை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர் பயத்திலும் நியாயம் இருக்கு. மூடின நிலையில் வால்வு சிக்கிட்டா, சில நிமிஷத்தில் ஹெட் கேஸ்கெட் போயிடும். அப்படிப் போன வண்டிகளை அவர் பார்த்திருப்பார். ஆனால் அதுக்குப் பரிகாரம், கூலண்ட் மாத்தும்போதெல்லாம் வால்வைச் சோதிச்சு, சந்தேகம் இருந்தால் புதுசு போடுவது. சில நூறு ரூபாய் சாமான். இன்ஜின் வேலை வந்தால் ஒரு போகம் கோஸின் லாபம் மொத்தமும் அதிலேயே போயிடும். அதுக்கு மேல போனால் புது வண்டி, மாசாமாசம் தவணை. அறுத்த கோஸை ரெண்டு நாள் வச்சிருக்க முடியாத எனக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு மெக்கானிக்கிடம் நான் சொன்ன வார்த்தை, "சாயந்திரத்துக்குள்ள வண்டி வேணும் தம்பி." நான் கேட்டதை அவர் கொடுத்தார். ஏன் ஹீட் ஆச்சுன்னு பார்க்க ஒரு நாள் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

நகரத்து நண்பர்கள் பலர் கிராமத்து மூளையைப் பாராட்டி வீடியோ அனுப்புவீங்க. பைக் இன்ஜினில் மருந்து அடிக்கிறது, சைக்கிள் சக்கரத்தில் களை எடுக்கிறது. நானும் அப்படி ரெண்டு மூணு செஞ்சிருக்கேன், பெருமைதான். ஆனால் எல்லாக் குறுக்கு வேலையையும் மூளைன்னு கைதட்டாதீங்க. இல்லாத ஒண்ணைக் கையில் இருக்கிறதை வச்சு உண்டாக்கினால் அது மூளை. ஒரு சாமான் எதுக்கு இருக்குன்னு தெரியாமலே பிடுங்கிப் போட்டால் அது கடன். வட்டி மெதுவா ஏறும், மார்கழியில் கேட்கும்.

சென்னை நண்பர் நேத்து மறுபடி கூப்பிட்டார். மெக்கானிக்கை வச்சுத் திறந்து பார்த்தாராம். உள்ளே காலி. "பழசு இல்லையே, எந்த நம்பர் வாங்கறது?" என்றார். வண்டி மாடல், வருஷம், இன்ஜின் நம்பர் மூணையும் எழுதிக்கொண்டுபோய் அந்த வண்டிக்கான பார்ட்ஸ் புத்தகத்தைப் பார்த்துக் கேட்கச் சொன்னேன். யாராவது "நம்ம ஊர் வெயிலுக்கு" என்று ஆரம்பித்தால் கேட்டுக்கொண்டு, கேட்டதையே வாங்கிட்டு வரச் சொன்னேன். புதுசு போடுறதுக்கு முன்னாடி, பழசை ஏன் கழட்டினாங்கன்னு ரேடியேட்டரையும் பெல்ட்டையும் ஒரு தடவை பார்த்துடவும் சொன்னேன்.

இன்னைக்குக் காலையில் அறுபது மூட்டையோடு திம்பம் இறங்கினேன். கண்ணாடியெல்லாம் பனி. 27 வளைவும் முடிஞ்சு பண்ணாரி வந்தபோது மீட்டரைப் பார்த்தேன். முள் நடுவில், காலையில் நின்ற அதே இடத்தில் நின்னுக்கிட்டிருந்தது.