மருந்துச் சீட்டில் இல்லாத வரி

திரை விலகுகிறது. காட்சி, ஓர் அரசு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவு. நேரம், காலை பத்து மணி. வாயிலிலே வரிசை, வரிசையின் வால் தெருவிலே! மேசைக்குப் பின்னே மருத்துவர். எதிரே முக்காலியில், இருமி இருமி இளைத்துப்போன ஐம்பது வயது மனிதர்.

"பீடி பிடிப்பதுண்டா?"

"உண்டுங்க ஐயா. நாளைக்கு ஒரு கட்டு."

"விட்டுவிட வேண்டும், தெரிகிறதா? அடுத்தவர் வரலாம்!"

திரை விழுகிறது. நாடகம் முடிந்தது!

நாடகம் எழுதிப் பழகிய கை என்னுடையது. எனினும் இத்துணைச் சிறிய காட்சியில் இத்துணைப் பெரிய துயரத்தை அடைத்துவைக்க என்னால் இயன்றதில்லை. விட்டுவிட வேண்டும் என்று சொல்லியாயிற்று. எப்படி விடுவது? விட்ட மூன்றாம் நாள் கை நடுங்கி, உறக்கம் கெட்டு, உள்ளம் கொதிக்குமே, அப்போது யாரிடம் ஓடுவது? அதைச் சொல்ல அங்கே ஆளில்லை. மருந்துச் சீட்டிலே இருமலுக்கு மருந்துண்டு, காய்ச்சலுக்கு மாத்திரையுண்டு. இருமலைப் பெற்றெடுத்த பீடிக்கு மட்டும் ஒரு வரியும் இல்லை!

முக்காலியில் அமர்ந்திருந்தவர் கற்பனைப் பாத்திரமல்லர். எங்கள் நாடகக் குழுவில் ஆர்மோனியம் வாசித்தவர். அவர் விரல் பட்டால் அழாத கட்டையும் அழும். மும்முறை மருத்துவமனைக்குச் சென்றார். மும்முறையும் அதே கட்டளை, அதே 'அடுத்தவர்'. "விடத்தான் தம்பி நினைக்கிறேன், அதுதான் என்னை விடமாட்டேனென்கிறது" என்பார், சிரித்துக்கொண்டே. நான்காம் முறை சென்றபோது, நுரையீரலில் கட்டி என்றனர். அடுத்த ஆண்டு விழாவில் ஆர்மோனியத்தின் பின்னே வேறொருவர் அமர்ந்திருந்தார்.

மருத்துவரைக் குறை கூறவில்லை நான். நூறு பேர் காத்திருக்கும் நேரத்தில் ஒருவருக்கு அவர் என்னதான் செய்வார்! குறை, அவரை அந்த மேசையில் தனியே அமர்த்திய முறையில் இருக்கிறது.

"மன உறுதி இல்லாதவன் பிடிக்கிறான், அதற்கு அரசு என்ன செய்யும்?" என்று கேட்போர் உளர். மன உறுதியா இல்லை? 2016-17 ஆம் ஆண்டில் இந்தியாவெங்கும் எடுக்கப்பட்ட புகையிலைக் கணக்கெடுப்பு கூறுகிறது: புகைப்போரில் 55.4 விழுக்காட்டினர் விட்டுவிட எண்ணியிருந்தனர்! ஆனால் அந்த ஆண்டில் மருத்துவரை நாடிச் சென்ற புகைப்போரில் 48.8 விழுக்காட்டினர்க்கே "விட்டுவிடு" என்ற அந்த ஒற்றைச் சொல்லேனும் கிடைத்தது. புகையிலை மெல்வோர்க்கோ 31.7 விழுக்காடு! ஆசை நோயாளியிடம் இருக்கிறது. வாய்ப்பு மருத்துவமனையில் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பாராமல் கடந்து போகின்றன. நிக்கோட்டின் மூளையைப் பிணிக்கும் சங்கிலி. சங்கிலியில் கட்டுண்டவனிடம் சாவியைத் தராமல் 'நட' என்று சொல்வதா நீதி?

"சாவிக்குச் செலவாகுமே, நேரமாகுமே!" என்பார்கள். இலண்டனைப் பாருங்கள். 1979 ஆம் ஆண்டு மைக்கேல் ரசல் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனையை வெளியிட்டனர். குடும்ப மருத்துவர்கள் 28 பேர், தம்மிடம் வந்த புகைப்போரிடம் ஓரிரு நிமிடம் பேசினர்; சிறு துண்டறிக்கை கொடுத்தனர்; மீண்டும் விசாரிப்போம் என்று எச்சரித்தனர். அவ்வளவே! ஓராண்டு கழித்துப் பார்த்தால், அறிவுரை பெறாதோரில் விட்டவர் நூற்றுக்கு 0.3, இவை மூன்றும் பெற்றோரில் 5.1.

ஐந்துதானா என்று இகழாதீர்! ஆண்டுக்கு ஆயிரம் புகைப்போர் வந்து போகும் மருத்துவமனையில் அது ஐம்பது உயிர். ஐம்பது குடும்பத்து அடுப்பு. அந்த ஓரிரு நிமிடத்தோடு மருந்தும் தொடர்ந்த துணையும் சேர்ந்தால் வெற்றி மேலும் பெருகும். நிக்கோட்டின் பசை மிட்டாய், தோலில் ஒட்டும் பட்டை, வாரெனிக்ளின், பியூப்ரோபியன், சைட்டிசின் ஆகியவற்றை உலக சுகாதார நிறுவனம் 2024 ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறியில் பரிந்துரைத்துள்ளது.

காலம் கடந்துவிட்டதே என்று கவலுவோர்க்கும் விடையுண்டு. பிரித்தானிய மருத்துவர்களை 1951 முதல் ஐம்பது ஆண்டுகள் பின்தொடர்ந்த ரிச்சர்டு டால் குழுவினர் 2004 இல் கண்ட முடிவு இது: புகைப்பவர் சராசரியாகப் பத்தாண்டு முன்னரே மாள்கிறார். முப்பதில் விட்டவர் அப்பத்தையும் ஏறத்தாழ முழுமையாக மீட்கிறார். நாற்பதில் விட்டவர் ஒன்பது, ஐம்பதில் ஆறு, அறுபதில் மூன்று ஆண்டுகள் பெறுகிறார். அறுபதிலும் மூன்றாண்டு! பேரன் பள்ளி செல்வதைப் பார்க்கும் மூன்றாண்டு!

கடல் கடந்த கதை வேண்டாமெனில், நம் மண்ணின் கதை கேளுங்கள். 2003 ஆம் ஆண்டு மருத்துவர் கஜலட்சுமியும் ரிச்சர்டு பீட்டோவும் அவர்தம் தோழரும், சென்னையிலும் தமிழகச் சிற்றூர்களிலும் மறைந்த 43,000 ஆண்களின் சாவை ஆய்ந்து வெளியிட்டனர். நகரத்தில் புகைத்தோர் காசநோயால் மாண்ட விகிதம், புகைக்காதோரைப்போல் நாலரை மடங்கு! இந்திய ஆண்களின் காசநோய்ச் சாவில் பாதிக்குப் புகையே பொறுப்பு என்றும் கணித்தனர். காசநோய்க்கு மாத்திரையை இலவசமாக வழங்குகிறோம், நன்று. அதே நோயாளியின் சட்டைப் பையில் உள்ள பீடிக்கட்டைக் காணாதிருப்பது, ஓட்டைக் குடத்தில் நீர் நிறைக்கும் வேலையன்றோ?

ஒன்றுமே நடக்கவில்லை என்று கூறோம். 2002 ஆம் ஆண்டு நாட்டில் 13 புகையிலை நிறுத்த மையங்கள் தொடங்கப்பட்டன. 2007-08 இல் தேசிய புகையிலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. 2016 முதல் கட்டணமற்ற தொலைபேசி உதவி உண்டு, எண் 1800-11-2356. 2022 இல் நிக்கோட்டின் மாற்று மருந்து இந்திய இன்றியமையா மருந்துப் பட்டியலில் ஏறியது. ஏட்டில் ஏறியது ஏழையின் கைக்கு வந்ததா என்பதே கேள்வி! உதவி எண்ணைப் பெட்டியின்மேல் அச்சிட 2018 இல் ஆணை வந்தது. பெட்டியாக வாங்குபவன் படிப்பான். பெட்டிக்கடையில் ஒன்றொன்றாய் உதிரி வாங்கும் சுமைத் தொழிலாளி எதைப் படிப்பான்? அவனுக்கு எண் எழுதிய பெட்டி மருத்துவமனைதான்.

ஆகவே கேட்கிறோம். இரத்த அழுத்தம் குறிக்கும் சீட்டிலே புகையிலைக்கும் ஒரு வரி வேண்டும். மருத்துவர் 'விடு' என்றதும், 'வாருங்கள், வழி சொல்கிறேன்' என்று அழைக்கப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் பக்கத்து அறையில் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் அம்மருந்து இலவசமாய்த் தட்டின்றிக் கிடைக்க வேண்டும். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீட்டு வாயிலுக்கே வந்தது; வந்த கால்கள் "விட்டீர்களா ஐயா? இந்த வாரம் எப்படி?" என்றும் கேட்டுவரட்டும். கேட்க ஒருவர் வருவார் என்ற நினைவே பாதி மருந்து!

அரசைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்வோம். பொதுக்கூட்ட மேடைக்குப் பின்னே, பந்தற்கால் ஓரத்தில், ஒத்திகைக் கொட்டகையில் எத்தனை பொறிகள் மின்னுகின்றன! பேச்சு முடித்து இறங்கியவன் கையில் தோழன் அன்போடு நீட்டுவது என்ன? நானும் நீட்டியவன், வாங்கிப் பற்றவைத்தவன். ஆர்மோனியக்காரர் மறைந்த பின்னரே விட்டேன். மூன்று முறை தோற்று, நான்காம் முறை விட்டேன். தோற்றவனைப் பார்த்து நகைக்காதீர்; மறுபடி முயலச் சொல்லுங்கள்.

இந்த வாரம் கிளைதோறும் ஒரு வேலை செய்யுங்கள். உம் ஊர்ச் சுகாதார நிலையத்திற்குச் செல்லுங்கள். பீடியை விட விரும்பும் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். அங்கே அவருக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்கவில்லை என்று எழுதி, ஊராட்சி முதல் சட்டமன்றம் வரை நம் உறுப்பினர் கையில் கொடுங்கள். மன்றத்தில் அவர்கள் எழுப்பட்டும் குரலை!

அந்த முக்காலியில் நாளையும் ஒருவர் அமர்வார். 'அடுத்தவர் வரலாம்' என்பதற்குமுன் அவருக்கு இரண்டு நிமிடம் கிடைத்தாக வேண்டும், தோழர்களே!