எங்களுக்கும் ஒரு தீவு வேண்டும்

'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பர் பெரியோர். தீவு என்றால் என்ன என்று கேட்டால், 'நாற்புறமும் நீரால் சூழப்பட்ட நிலப்பகுதி' எனப் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஐவரும் ஒரே மூச்சில் ஒப்பித்து விடுவோம். ஆனால் எங்களுள் ஒருத்தியும் இன்றுவரை ஒரு தீவில் கால் வைத்ததில்லை!

இக்குறையைப் போக்க ஒரு திட்டம் தீட்டினோம். வெள்ளி இரவு எழும்பூரில் ரயிலேறிச் சனி காலை பாம்பன் தீவில் இறங்குவது. இராமேசுவரத்திலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சைக்கிளில் சென்று, 1964 டிசம்பர்ப் புயல் விட்டுவைத்த தனுஷ்கோடித் தேவாலயத்தின் சுவர்களைக் காண்பது. இரவில் கன்னியர் இல்லம் ஒன்றின் வளாகத்தில் கூடாரமடித்துத் தங்கி, ஞாயிறு திருப்பலி கண்டு திரும்புவது. துணைக்கு எங்கள் சாரணியர் ஆசிரியை வர இசைந்தார்கள்.

வீட்டில் கிடைத்த விடை, "பெண் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பதே. அதே மாதம் எங்களுள் ஒருத்தியின் அண்ணன் நண்பர்களோடு ஏலகிரி சென்று இரண்டு நாள் தங்கி வந்தார். அவரிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றே ஒன்று: "ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியாப்பா?"

இவ்வழக்கு புதியதன்று. 1907 ஆகஸ்டில் பேடன் பவல் பிரபு இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறக்குறைய 20 சிறுவர்களைக் கூடாரங்களில் தங்கவைத்தார். சாரணர் இயக்கமே அத்தீவு முகாமில்தான் வித்திடப்பட்டது. ஒரு சிறுமிக்கும் அங்கே இடமில்லை. 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணர் அணிவகுப்பு நடந்தபோது, அழைக்கப்படாத சிறுமியர் சிலர் தாமாகவே வந்து, "எங்களுக்கும் இடம் தாருங்கள்" என்று நின்றனர். அதன் பயனாக 1910-இல் சாரணியர் இயக்கம் பிறந்தது. மறு ஆண்டே அது நம் நாட்டின் ஜபல்பூருக்கும் வந்து சேர்ந்தது. கேட்டதால் அன்றோ கிடைத்தது!

அவ்வளவு தூரம் போவானேன்? 1949-இல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் ஆலை நம் அம்பத்தூரில் எழுந்தது. இங்கு உருவான சைக்கிள்கள் எத்தனையோ ஊர்களில் ஓடின. அம்பத்தூர்ப் பெண் மட்டும் தெருமுனையோடு திரும்ப வேண்டுமா?

எங்கள் தோழி ஒருத்தியின் பாட்டி புதுக்கோட்டைச் சீமையைச் சேர்ந்தவர். 1990-களின் தொடக்கத்தில் அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திருமதி ஷீலா ராணி சுங்கத் அவர்கள், அறிவொளி இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பிக்கச் செய்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். பெண்கள் சைக்கிள் போதாதபோது அவர்கள் ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினர்; முன்கம்பியில் குழந்தையை அமர்த்திக் கொண்டனர். அப்பாட்டியும் அவர்களுள் ஒருவர். எங்கள் வழக்கைக் கேட்டதும், "விழுந்தா முட்டிதானே தேயும்? எந்திரிச்சுக்கலாம். விடுப்பா புள்ளைகள!" என்று தம் மகனிடம் தீர்ப்புக் கூறிவிட்டார்.

அத்தீர்ப்பின் பயனாகத் தீவு கிடைக்கவில்லை, ஏரி கிடைத்தது. ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் ஆவடியிலிருந்து பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம் சென்றோம். ஆசிரியை ஸ்கூட்டரில் பின்தொடர்ந்தார்கள். வழியில் ஒரு சக்கரம் பஞ்சராயிற்று. கணக்கில் எப்போதும் முதலிடம் பெறுபவள் கையைப் பிசைந்து நின்றாள். கடைசி வரிசைத் தோழியோ டியூபைக் கழற்றி, நீரில் அமிழ்த்தி, குமிழி வந்த இடத்தைக் கண்டு ஒட்டிவிட்டாள். அவளுக்கு அத்திறமை உண்டென்பதைப் பத்தாண்டுகள் ஒன்றாகப் படித்தும் நாங்கள் அறியவில்லை. ஏரிக்கரையில் புளிச்சோறு உண்டபோது அவளே எங்கள் தலைவியானாள்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் அச்சத்தை நாங்கள் எள்ளவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் உரசிச் சென்றபோது எங்களுக்கும் நெஞ்சு படபடத்தது. ஆனால் அது சாலையின் குற்றம். பெண்ணாய்ப் பிறந்ததன் குற்றமன்று. சாலையில் சைக்கிளுக்கெனத் தனிப்பாதை கேளுங்கள். நாங்களும் உடன் கேட்போம். துணைக்கு ஆசிரியை வேண்டும் என்றால் மகிழ்ச்சி. இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் பேச வேண்டும் என்றால் பேசுகிறோம். இதே நிபந்தனைகளை அண்ணனுக்கும் விதியுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள்.

இப்போது பொதுத்தேர்வு நெருங்குகிறது. அதுவரை புத்தகமே எங்கள் உலகம், இதில் மாற்றமில்லை. தேர்வு முடிந்த முதல் வார இறுதியில் மீண்டும் உங்கள் முன் வந்து நிற்போம். 1909-இல் அச்சிறுமியர் நின்றதுபோல, பணிவோடும் உறுதியோடும்!