கோடை மழையில் கொல்லைத் தோட்டம்: காப்பாற்ற வேண்டியது இந்த ஒரு வாரம்தான்!

கத்திரி வெயில் காலத்தில் செடிக்குத் தண்ணீர் காட்டுவதுதான் நம் கவலையாக இருந்தது. இப்போது கணக்கு மாறுகிறது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் பாய்ந்தது. 2025-ல் தென்மேற்குப் பருவமழை, வழக்கமான ஜூன் 1-க்குக் காத்திராமல் மே 24 அன்றே கேரளத்தில் தொடங்கிவிட்டது. 2009-க்குப் பிறகு இவ்வளவு சீக்கிரம் தொடங்கியது அதுவே முதல் முறை.

கோடை மழை மானாவாரி நிலத்துக்கு வரம். ஈரம் இருக்கும்போதே ஒரு கோடை உழவு போட்டுவிடலாம். ஆனால், வீட்டுக் கொல்லையில் நாலு தக்காளி, ரெண்டு பந்தல் கொடி, பத்து மல்லிகைச் செடி வைத்திருப்பவர்களுக்கு அதே மழை நட்டத்தையும் கொண்டுவரும். அன்றாடக் குழம்புக்குக் காயும், பெண்கள் கையில் புழங்கும் பூக்காசும் அந்தத் தோட்டத்தில்தான் இருக்கின்றன.

மஞ்சள் இலைக்கு யூரியா போடாதீர்கள்

மழை விட்ட மூன்றாம் நாள் கத்தரி, மிளகாய் இலைகள் மஞ்சளாகும். உடனே பலர் யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். தண்ணீர் தேங்கிய மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. மூச்சுத் திணறும் வேர் எந்த உரத்தையும் எடுக்காது. எனவே முதல் வேலை வடிகால். செடி வரிசைக்கு நடுவே ஒரு மண்வெட்டி ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து நீரை வெளியேற்றுங்கள். மண் பொலபொலவென்று ஆனதும் லேசாகக் கொத்திவிட்டு, பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளியுங்கள். வேருக்கு மக்கிய தொழுவுரத்துடன் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து இடுங்கள்.

நாற்று அடித்தண்டு அழுகிச் சாய்ந்தால், காப்பர் ஆக்ஸிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் கலந்து வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். ஆனால் இதையும் டிரைக்கோடெர்மாவையும் ஒரே நேரத்தில் கொடுத்தால் நன்மை செய்யும் பூஞ்சாணமும் செத்துவிடும். இரண்டுக்கும் 15 நாள் இடைவெளி தேவை.

பூ பூக்கிறது, பிஞ்சு நிற்கவில்லை

பந்தல் காய்களில் இந்தக் குறை அதிகம். ஆண் பூ தனி, பெண் பூ தனி. மழை பெய்யும் நேரத்தில் தேனீ வெளியே வராது; நனைந்த மகரந்தமும் ஒட்டாது. அப்போது நீங்களே தேனீயின் வேலையைச் செய்யலாம். பூசணி, பாகல் காலையில் விரியும். சுரை, பீர்க்கு, புடலை மாலையில் விரியும். அந்தந்த நேரத்தில் ஆண் பூவைப் பறித்து, அடியில் பிஞ்சு உள்ள பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள்.

பிஞ்சில் பழ ஈ குத்தியிருந்தால் அந்தக் காயைச் செடியடியில் போடாதீர்கள். உள்ளே இருக்கும் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாக வரும். ஆழக் குழி தோண்டிப் புதைப்பதே சரி.

தக்காளியில், காய்ந்து கிடந்த மண் திடீரென நனைந்தால் பழம் வெடிக்கும். நிறம் திரும்பும்போதே பறித்து வீட்டுக்குள் பழுக்க வையுங்கள். செடியடியில் வைக்கோல் மூடாக்குப் போட்டால் மண் ஈரம் ஒரே சீராக இருக்கும். சேறு தெறித்து இலைக்கு நோய் ஏறுவதும் குறையும்.

மல்லிகையும் செண்டுமல்லியும்

வைகாசி முகூர்த்த நாட்களில் பூவுக்கு நல்ல கிராக்கி. ஆனால் நனைந்த மல்லிகை சீக்கிரம் கறுத்துவிடும். வியாபாரியும் விலையைக் குறைப்பார். மழைக்கு வாய்ப்பு இருந்தால் விடியற்காலையிலேயே மொட்டைப் பறித்து, ஈரம் உலர நிழலில் பரப்பிவிட்டு அனுப்புங்கள். மொட்டு ஊதா நிறமாகி, துளை தெரிந்தால் அது மொட்டுப்புழு. தாக்கிய மொட்டுகளைப் பொறுக்கி அழித்துவிட்டு 5 சத வேப்பங்கொட்டைச் சாறு தெளியுங்கள். லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டினால் போதும். தெளித்த சில மணி நேரத்தில் மழை வந்தால் மறுபடி தெளிக்க வேண்டியிருக்கும்.

செண்டுமல்லிப் பூவின் தலை நீரைக் குடித்துக் கனத்துச் சாயும். குச்சி நட்டுக் கட்டுங்கள். அழுகிய பூவைச் செடியிலேயே விடாதீர்கள்.

மே மாதப் பூ, ஜூலை மாத விலை

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு அரசே விற்றது. தக்காளியில் பூ பழமாக ஏறக்குறைய ஒன்றரை மாதம் ஆகும். எனவே மே கடைசியில் வெயிலிலும் மழையிலும் உதிரும் பூக்கள்தான் ஜூலையில் சந்தைக்கு வராத பழங்கள். இதைக் கணக்கில் வைத்தால், இன்று கொல்லையில் காப்பாற்றும் பத்துச் செடி விலை ஏறும் நேரத்தில் வீட்டுச் செலவைத் தாங்கும்.

ஆடிப்பட்டத்துக்கு நாற்று விடுவோரும் இப்போதே தயாராகலாம். அரை அடி உயர மேட்டுப்பாத்தி அமையுங்கள். விதையை கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா வீதம் நேர்த்தி செய்து, ஆனி முதல் வாரத்தில் விதைத்தால் 25 நாளில் நாற்று கைக்கு வரும். ஆடி பிறக்கும்போது நடவுக்கு நாற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை.