நண்பர்களைத் தெரிவுசெய்யும் இயந்திரமும் மன்னாரின் அறுந்த உறவுகளும்

முகநூலைத் திறக்கும் எவரும் ‘உங்களுக்குத் தெரிந்தவர்களாக இருக்கலாம்’ என்ற தலைப்பின் கீழ் வரிசையாக வந்து நிற்கும் முகங்களைக் கண்டிருப்பர். சிலவற்றை ஏற்கின்றோம், பலவற்றைத் தள்ளிவிட்டுச் செல்கின்றோம். அந்த முகங்கள் ஏன் நமக்குக் காட்டப்பட்டன, வேறு முகங்கள் ஏன் காட்டப்படவில்லை என்று கேட்பவர்கள் மிகச் சிலரே. இந்த வசதியை முகநூல் 2008ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு ஏப்ரலில் மடு மாதாவின் திருச்சொரூபம் யுத்தத்துக்கு அஞ்சி ஆலயத்திலிருந்து தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. வன்னியில் கையடக்கத் தொலைபேசி என்பதே கனவாக இருந்த காலம் அது. இன்று மடு வீதியிலிருந்து தலைமன்னார் இறங்குதுறை வரை அந்தப் பட்டியலைப் பார்க்காத இளைஞர் இல்லை என்றே கூறலாம். ஆகவே, இது எங்கோ அமெரிக்காவில் நடைபெறும் தொழில்நுட்ப விவகாரம் என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இந்தப் பட்டியல் தயாராகும் முறையின் அடிப்படை எளிமையானது. நண்பரின் நண்பர் யார் என்று இயந்திரம் எண்ணிப் பார்க்கின்றது. இருவருக்கும் பொதுவான நண்பர்கள் எத்தனை பேர், இருவரும் ஒரே பாடசாலையிலோ தொழிலகத்திலோ இருந்தவர்களா, ஒரே குழுவில் அங்கத்தவர்களா, ஒரே புகைப்படத்தில் பெயர் குறிக்கப்பட்டவர்களா என்பவற்றைக் கணக்கிட்டு வரிசைப்படுத்துகின்றது. இவற்றை நிறுவனமே பகிரங்கமாகக் கூறியுள்ளது. 2010ஆம் ஆண்டளவில் சராசரிப் பயனாளர் ஒருவருக்கு 130 நண்பர்கள் இருந்தனர் என்றும், அந்த 130 பேரின் நண்பர்களைச் சேர்த்தால் ஏறத்தாழ 40,000 பேர் வருவர் என்றும் அந்நிறுவனத்தின் பொறியியலாளர் லார்ஸ் பாக்ஸ்ட்ரோம் விளக்கியிருந்தார். அந்த 40,000 பேரிலிருந்து ஒரு சிலரைப் பொறுக்கி முன்னால் நிறுத்துவதே இயந்திரத்தின் வேலை.

இவற்றைவிட முக்கியமானது தொலைபேசியில் சேமித்துள்ள இலக்கங்கள். கணக்குத் திறக்கும்போது தொடர்பிலக்கங்களைப் பதிவேற்ற அனுமதி கேட்கப்படுகின்றது. பெரும்பாலானோர் வாசிக்காமலேயே ‘ஆம்’ என்று அழுத்திவிடுகின்றனர். நாம் நமது இலக்கங்களைக் கொடுக்க மறுத்தாலும், நமது இலக்கத்தைச் சேமித்து வைத்திருக்கும் இன்னொருவர் கொடுத்துவிட்டால் நமது முகம் அவரது பட்டியலில் தோன்றக்கூடும். நமது சம்மதம் அங்கு கேட்கப்படுவதில்லை.

இந்தக் கணக்கு ஒரு முன்னெண்ணத்தின் மீது கட்டப்பட்டது. மனிதர்கள் பிறந்த ஊரிலே வளர்ந்து, அயலவருடன் ஒரே பாடசாலையில் படித்து, தொடர்பு அறாமல் வாழ்கின்றனர் என்பதே அது. மன்னார் மாவட்டத்தின் வரலாறு அவ்வாறானதல்ல. 1990 ஒக்டோபர் இறுதியில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் எருக்கலம்பிட்டியையும் முசலிப் பிரதேசத்தையும் சேர்ந்தவர்கள் பெருந்தொகையினர். அவர்கள் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் தென்னந்தோட்டங்களுக்கிடையே கொட்டில்களில் வாழ்க்கையை மீண்டும் தொடங்கினர். அதே 1990ஆம் ஆண்டிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மடு ஆலய வளவில் அகதிகளாகத் தஞ்சமடைந்தன. வேறு பல படகேறி இராமேஸ்வரம் சென்று மண்டபம் முகாமில் பதிவாகின. ஒரே கிணற்றில் நீர் அள்ளியவர்களின் பிள்ளைகள் மூன்று வெவ்வேறு இடங்களில், மூன்று வெவ்வேறு பாடசாலைகளில் படித்தனர்.

அவ்வாறு புத்தளத்தில் பிறந்த ஒரு முஸ்லிம் இளைஞரும், அவரது தந்தையின் பழைய அயலவரான தமிழரின் மகனும் இன்று மன்னார் நகரில் ஒரே வீதியால் சென்றுவரக்கூடும். ஆனால், இயந்திரத்தின் கண்ணில் அவர்களுக்குள் பொது நண்பர் இல்லை, பொதுப் பாடசாலை இல்லை, சேமித்த இலக்கமும் இல்லை. புத்தளத்து இளைஞருக்குப் புத்தளத்தின் முகங்களே வரும். மன்னார்த் தமிழ் இளைஞருக்குத் தமிழ் முகங்களே வரும். இயந்திரத்துக்கு இன விரோதம் எதுவும் இல்லை. இருக்கும் நிலையை அது அப்படியே எடுத்துப் பெருக்குகின்றது. துப்பாக்கி முனையில் உண்டாக்கப்பட்ட பிரிவினை, பொது நண்பர் எண்ணிக்கை பூச்சியம் என்ற வடிவில் அதனுள் பதிவாகி, அடுத்த தலைமுறைக்கும் கடத்தப்படுகின்றது. 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், நெருங்கிய உறவுகளைவிட இலேசான அறிமுகங்களே ஒரு வட்டத்தை இன்னொரு வட்டத்துடன் இணைக்கின்றன என்று எடுத்துக்காட்டினார். 1990இல் நாம் இழந்தது அத்தகைய அறிமுகங்களையே. பொது நண்பரை எண்ணும் கணக்கினால் அவற்றை மீட்க இயலாது.

இது வெறும் மனவருத்தத்துக்குரிய விடயம் மாத்திரமன்று. தனித்தனி வட்டங்களாக அடைபட்ட மக்களிடம் வதந்தி எவ்வளவு வேகமாகப் பரவும் என்பதை 2018 மார்ச்சில் திகனையில் கண்டோம். முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன; அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது; முகநூல் சுமார் ஒரு வார காலம் முடக்கப்பட்டது. அதில் தனது தளத்துக்கு இருந்த பங்குக்காக அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்திலேயே. வில்பத்துக் காட்டை முஸ்லிம்கள் அழிக்கின்றனர் என்ற பிரசாரமும் பெருமளவு சமூக வலைத்தளங்களிலேயே வளர்ந்தது. வன எல்லைகள் பற்றிய நியாயமான கேள்விகளும், சொந்த மண்ணுக்குத் திரும்பும் மக்களின் உரிமையும் அங்கு ஒன்றாகக் குழப்பப்பட்டன. அவ்வேளை மறிச்சுக்கட்டி வாசி ஒருவரை முகநூலில் நண்பராகக் கொண்டிருந்த தென்னிலங்கையர் எத்தனை பேர் இருந்திருப்பர்?

பரிந்துரை என்பது நண்பர்களோடு நின்றுவிடுவதுமில்லை. அதே கணக்கு குழுக்களையும் பக்கங்களையும் முன்வைக்கின்றது. தீவிரவாதக் குழுக்களில் இணைந்தோரில் 64 சதவீதமானோர் தமது பரிந்துரைக் கருவிகளாலேயே அங்கு சென்றனர் என்று முகநூலின் 2016ஆம் ஆண்டு உள்ளக ஆய்வொன்று கூறியிருந்தது 2020இல் அம்பலமானது. 2019 பெப்ரவரியில் அந்நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர் கேரளத்தில் வசிப்பவர் போன்று புதிய கணக்கொன்றைத் திறந்து, இயந்திரம் காட்டிய பரிந்துரைகளை மாத்திரம் பின்பற்றிச் சென்றார். மூன்று வாரங்களில் அந்தக் கணக்கு வெறுப்புப் பேச்சாலும் பொய்ச் செய்திகளாலும் நிரம்பியது. அவர் எவரையும் தேடிப் போகவில்லை என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

மறுபுறத்தில், சேரக்கூடாதவர்களையும் இயந்திரம் சேர்த்து வைக்கின்றது. அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஒருவரின் நோயாளிகள் ஒருவருக்கொருவர் நண்பர்களாகப் பரிந்துரைக்கப்பட்ட செய்தி 2016இல் வெளியாகியது. நமது பிரதேசத்தில் இதன் விளைவு இன்னும் பாரதூரமாக இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்களிடமும் முன்னாள் போராளிகளிடமும் விசாரணைக்கு வருவோர் தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு செல்வது வடக்கில் புதிய சங்கதியன்று. அந்த இலக்கம் அவர்களது தொலைபேசியில் சேமிக்கப்பட்டு, தொடர்பிலக்கங்கள் பதிவேற்றப்படுமாயின், ஒரு தாயின் கணக்கும் அதனூடாக அவரது உறவினர்களின் கணக்குகளும் பரிந்துரையாக எழக்கூடும். கணவனின் கொடுமையிலிருந்து விலகி வேறு ஊரில் வாழும் பெண்ணின் நிலையும் இதுவே. 2020, 2021ஆம் ஆண்டுகளில் முகநூல் பதிவுகளுக்காகத் தமிழ் இளைஞர்கள் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்யப்பட்டனர். ஈஸ்டர் தாக்குதலுக்குப் பின்னர் முஸ்லிம்களும் இத்தகைய சந்தேகப் பார்வைக்கு உள்ளாகினர். இத்தகைய நாட்டில் நண்பர் பட்டியல் என்பது வெறும் பொழுதுபோக்கன்று.

முகநூல் விரும்பினால் இவ்விடயத்தில் விரைந்து செயற்பட முடியும். 2021 ஆகஸ்டில் தலிபான்கள் காபூலைக் கைப்பற்றிய சில நாட்களுக்குள், ஆப்கானிஸ்தானிலுள்ள கணக்குகளின் நண்பர் பட்டியலைப் பார்ப்பதையும் தேடுவதையும் அது தற்காலிகமாக நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சேவைகள் சட்டம், பரிந்துரைகள் எந்த அடிப்படையில் தயாராகின்றன என்பதை வெளியிடுமாறும், பயனாளரின் விபரக்கோவையைச் சாராத தெரிவொன்றை வழங்குமாறும் பெரிய தளங்களைக் கட்டாயப்படுத்துகின்றது. ஐரோப்பியருக்குக் கிடைத்த அந்த உரிமை பேசாலையில் உள்ளவருக்கு ஏன் இல்லை என்று கேட்கும் பொறுப்பு நமது பாராளுமன்றத்துக்கு உண்டு.

ஆனால், இங்கு நடந்தது என்ன? 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் அவசர அவசரமாக நிறைவேற்றப்பட்டது. அது எழுதுபவரைத் தண்டிப்பதில் காட்டும் அக்கறையை, எவர் முன் எது நிறுத்தப்படுகின்றது என்பதைத் தீர்மானிக்கும் பொறிமுறையின் மீது காட்டவில்லை. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னரே சட்டமாகிய 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, அதன் முக்கிய பிரிவுகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த வேளையில் பிற்போடப்பட்டது. பேச்சைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு இருந்த அவசரம் மக்களின் தரவைக் காக்கும் சட்டத்துக்கு இருக்கவில்லை. இன்னொருவர் பதிவேற்றிய நமது இலக்கத்தை நீக்குமாறு கோரும் உரிமையும், பரிந்துரைப் பட்டியலிலிருந்து முற்றாக விலகும் வசதியும் அவற்றுக்கான தமிழ் விளக்கத்தோடு வழங்கப்பட வேண்டும் என நாம் வலியுறுத்துகின்றோம்.

ஆவணித் திருவிழாவுக்கு மடுவில் கூடுவோரில் நீர்கொழும்பு, சிலாபம் பகுதிகளின் சிங்களக் கத்தோலிக்கர் உளர், மன்னார்த் தமிழர் உளர், இந்துக்களும் உளர். காட்டில் கூடாரம் அடித்து, அடுத்த கூடாரத்தாரிடம் நெருப்பும் நீரும் கேட்டு அறிமுகமாகின்றவர்களுக்குப் பொது நண்பர் எவரும் தேவைப்படுவதில்லை. எனினும், வீடு திரும்பியபின் அந்த அறிமுகம் தொடர்வதற்கு, பெயரைக் கேட்டறிந்து தாமே தேடிச் சேர்த்துக்கொள்வதைத் தவிர வேறு வழியில்லை. எருக்கலம்பிட்டியின் பழைய அயலவர்களுக்கும் அதுவே வழி.

சட்டம் வரும் வரையில் வாசகர்கள் தாமே செய்யக்கூடியவை சில உண்டு. முகநூலில் ஏற்கனவே பதிவேற்றிய தொடர்பிலக்கங்களை அமைப்புப் பகுதிக்குச் சென்று நீக்கலாம்; தொடர்ந்து பதிவேற்றுவதையும் நிறுத்தலாம். நட்புக் கோரிக்கை அனுப்பக்கூடியவர்களை நண்பரின் நண்பர்கள் என மட்டுப்படுத்தலாம். தொலைபேசி இலக்கத்தைக் கொண்டு தம்மைத் தேடுவதையும், நண்பர் பட்டியலைப் பிறர் பார்ப்பதையும் தடுக்கலாம். வீட்டில் ஒரே தொலைபேசியைப் பலர் பாவிப்பின், அதில் திறக்கப்பட்ட ஒவ்வொரு கணக்கிலும் இவற்றைத் தனித்தனியே செய்தல் வேண்டும்.