பழுதிலும் ஓடவேண்டும் சக்கரம்

மின்சார வண்டி வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது, "ஒருமுறை சார்ஜ் செய்தால் எத்தனை கிலோமீட்டர்?" என்பதே. கேட்கவேண்டிய இன்னொரு கேள்வியை யாரும் கேட்பதில்லை: "பாதி வழியில் மோட்டாரின் ஒரு கம்பிச்சுற்று பழுதானால் என்ன ஆகும்?"

சக்கரத்துக்குள்ளேயே மோட்டாரை வைப்பது புதுமையன்று. 1900-ல் பாரிஸ் கண்காட்சியிலேயே ஃபெர்டினாண்ட் போர்ஷே அமைத்த அத்தகைய வண்டி இடம் பெற்றது. இன்று நம் ஓசூரில் உருவாகும் டி.வி.எஸ். ஐகியூப் ஸ்கூட்டரின் பின்சக்கரத்திலும் மோட்டார் இருக்கிறது. சங்கிலி வேண்டாம், பெல்ட் வேண்டாம், இடமும் மிச்சம். ஆனால் சாலைப் பள்ளத்தின் அதிர்ச்சியும் மழைநீரும் முதலில் தாக்குவது அந்த மோட்டாரைத்தான்.

இதே முறையைக் காருக்குக் கொண்டுவந்து, இரு பின்சக்கரங்களிலும் தனித்தனி மோட்டார் வைப்பதாகக் கொள்வோம். ஒன்றின் சுற்றில் ஷார்ட் ஏற்பட்டால், மின்சாரத்தை நிறுத்துவதால் மட்டும் தொல்லை தீராது. சக்கரம் சுழலும்வரை அதிலுள்ள நிலைக்காந்தம் அச்சுற்றில் மின்னோட்டத்தை எழுப்பிக்கொண்டே இருக்கும், அதுவே பிரேக்காகிவிடும். ஒருபுறம் பிடித்திழுக்க, மறுபுறம் உந்தித்தள்ள, வண்டி வழிமாறும். நெடுஞ்சாலையில் இதன் விளைவைச் சொல்லவும் வேண்டுமோ?

இதற்கு மருந்து இல்லாமலில்லை. ஒரே மும்முனைச் சுற்றுக்குப் பதிலாக இரண்டு மும்முனைச் சுற்றுகளை அமைத்து, ஒவ்வொன்றுக்கும் தனி இன்வர்ட்டர் கொடுக்கலாம். ஒன்றின் மின்பாதை அறுந்தாலும் மற்றது ஏறக்குறையப் பாதி வலுவுடன் வண்டியை ஓரம் சேர்க்கும். சுற்றுகள் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிப் பற்களில் சுற்றினால் பழுது எளிதில் பரவாது. ஷார்ட்டில் பாயும் மின்னோட்டம் ஓர் எல்லையைத் தாண்டாதபடியும் மோட்டாரை வடிவமைக்கலாம். 1971-ல் அப்பல்லோ 15 நிலவுக்குக் கொண்டுசென்ற வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் நான்கு மோட்டார்கள். பழுதான சக்கரத்தை அதன் மோட்டாரிலிருந்து விடுவித்து, தானே உருளவிடவும் வழி செய்திருந்தார்கள்.

செலவும் எடையும் கூடுமே என்பர் சிலர். கூடும், மறுப்பதற்கில்லை. ஆனால் 2022-ல் ஸ்கூட்டர்கள் தீப்பற்றி எரிந்த பிறகே நம் நாட்டில் பேட்டரிச் சோதனை விதிகள் கடுமையாக்கப்பட்டன. சக்கரத்துக்கும் விபத்துதான் வாத்தியாராக வரவேண்டுமா?

நண்பர்களே! சோதனைச்சாலையில் மோட்டார் ஒழுங்காக ஓடும்போது அளந்து மதிப்பெண் பெறுகிறோம். ஒரு கம்பியைத் துண்டித்துவிட்டு அளக்கும் வழக்கமும் நம்மிடம் வளரட்டும். அந்த அளவையும் கிலோமீட்டர் கணக்குக்கு அருகிலேயே அச்சிடும்படி வண்டி செய்வோரைக் கேட்போம். அவர்களிடம் நாளை வேலைக்குச் செல்லப்போவது நம்மில் பலரன்றோ?